புறா முட்டையை அடைக்கோழிக்கு வைத்தால் குஞ்சு ஏன் பிழைப்பதில்லை?

கேள்வி: ஐயா, வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் தென்னந்தோப்புக்குள் தகரக் கொட்டகை போட்டு 12 ஜோடி நாட்டுப்புறா வளர்க்கிறேன். தீனி கம்பும் அரிசியும்தான். ஒரு கூட்டில் ஒவ்வொரு முறையும் 4 முட்டை இருக்கிறது, ஒன்றுகூடப் பொரிப்பதில்லை. மற்றக் கூடுகளில் இரண்டு குஞ்சு பொரித்தால் ஒன்று சிறுத்துப்போய் ஒரு வாரத்துக்குள் செத்துவிடுகிறது. போன மாதம் ஒரு பெட்டையைப் பூனை பிடித்துவிட்டது. அது அடையில் வைத்திருந்த 2 முட்டைகளையும் அடைக்கோழிக்கு வைத்தேன். குஞ்சு பொரித்தது, ஆனால் மூன்றாம் நாள் இரண்டுமே போய்விட்டன. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: வணக்கம். முதலில் அந்த 4 முட்டைக் கூட்டைப் பார்த்துவிடுவோம், அது சுலபமானது. ஒரு புறா ஒரு முறைக்கு 2 முட்டைதான் இடும். ஒரே கூட்டில் 4 முட்டை கிடந்தால் அங்கே இரண்டு பெட்டைகள் ஜோடி சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். ஆண் கிடைக்காதபோது பெட்டையும் பெட்டையும் ஜோடி சேர்ந்துகொள்ளும். கூடு கட்டும், முட்டை இடும், மாறி மாறி அடையும் காக்கும். அத்தனையும் கூமுட்டைதான். பொறுமையாகக் காத்தும் பலன் இல்லாத அந்த இரண்டையும் பிரித்து, தனி ஆண் புறாக்களோடு ஆளுக்கொரு கூண்டில் 10 நாள் அடைத்து வையுங்கள். பெரும்பாலும் புது ஜோடி சேர்ந்துவிடும்.

ஆண் எது, பெட்டை எது என்று உருவத்தை வைத்துச் சொல்வது நாட்டுப்புறாவில் கஷ்டம். கழுத்தை உப்பி, வாலைத் தரையில் இழுத்து, முழு வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் குமுறுவது பெரும்பாலும் ஆண். அதைவிட நல்ல அடையாளம் அடை காக்கும் நேரம். காலை 10 மணி வாக்கில் ஆண் வந்து அடையில் உட்காரும், சாயங்காலம் 4 மணி வரை இருக்கும். மீதி நேரமும் இரவு முழுவதும் பெட்டையின் முறை. உச்சி வெயிலில் ஒரு சுற்று வந்து எது அடையில் இருக்கிறது என்று பார்த்துக் காலில் வண்ண வளையம் போட்டுவிட்டால் அப்புறம் குழப்பமே வராது.

இனி கோழி விஷயம். நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். கோழியின் சூடும் புறா முட்டைக்குப் போதுமானதுதான், அதனால்தான் குஞ்சு பொரித்தது. ஆனால் கோழிக்குஞ்சும் புறாக்குஞ்சும் வேறு வேறு ஜாதி. கோழிக்குஞ்சு ஓட்டை விட்டு வெளியே வந்த அன்றே ஓடும், கொத்தும். புறாக்குஞ்சு கண் மூடி, மஞ்சள் மயிர் அங்கங்கே ஒட்டிக்கொண்டு, தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் பிறக்கும். கண் திறக்கவே நாலைந்து நாள் ஆகும். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வைத்து ஓரிரு நாள் தாங்கும். அதற்குள் இரை கிடைக்காவிட்டால் மூன்றாம் நாள் செத்துப்போகும். உங்கள் குஞ்சுகளுக்கு நடந்தது அதுதான்.

புறாக்குஞ்சின் முதல் இரை தானியம் இல்லை, புறாப்பால். அடை முடிய இரண்டு நாள் இருக்கும்போதே தாய், தகப்பன் இரண்டின் தீனிப்பைக்குள்ளும் (தின்ற இரை முதலில் தங்கும் கழுத்தடிப் பை) உள்தோல் தடித்து, திரிந்த பால் போல உதிர ஆரம்பிக்கும். காய்ந்த எடையில் பார்த்தால் பாதிக்கு மேல் புரதம், மீதியில் பெரும்பங்கு கொழுப்பு. மாட்டுப்பாலில் உள்ள சர்க்கரை இதில் கிடையாது. தாய்மாருக்குப் பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற அதே ஹார்மோன்தான் இங்கேயும் வேலை செய்கிறது. அந்தப் பெயரே 1930களில் புறாவின் தீனிப்பையை வைத்து நடந்த ஆராய்ச்சியில்தான் வந்தது. இத்தனை வருடமாகப் புறாக்களைப் பார்க்கிறேன், தகப்பனும் பால் கொடுக்கிறது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

குஞ்சு தன் அலகைத் தாயின் வாய்க்குள் நுழைத்து அந்தப் பாலை வாங்கிக்கொள்ளும். முதல் மூன்று நான்கு நாள் இதுதான் முழு ஆகாரம். பிறந்த எடை இரண்டே நாளில் இரட்டிப்பாகும். பிறகு ஊறிய தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வரும். 10 நாளுக்குமேல் பெரும்பாலும் தானியம்தான். ஆக, முதல் வாரக் குஞ்சுக்கு நாம் பிசைந்து ஊட்டும் எதுவும் அந்தப் பாலுக்கு ஈடாகாது.

அப்படியானால் பெட்டையை இழந்த கூட்டு முட்டைகளை என்ன செய்வது? அதே நாளிலோ ஒரு நாள் முன்பின்னாகவோ முட்டையிட்ட வேறு புறா ஜோடிக்கு வைக்க வேண்டும். நாள் பொருத்தம் முக்கியம். பால் சுரப்பது அவை அடை உட்கார்ந்த நாள் கணக்குப்படி. முட்டை முந்திப் பொரித்தால் பால் தயாராக இருக்காது. ரொம்பப் பிந்தினால் வளர்ப்புத் தாய் அலுத்துப்போய் அடையை விட்டு எழுந்துவிடும். அதற்காகவே ஒவ்வொரு பெட்டியிலும் முட்டையிட்ட தேதியைச் சாக்பீசால் எழுதி வையுங்கள். ஒரு ஜோடியிடம் இரண்டு குஞ்சுக்குமேல் விடாதீர்கள். குஞ்சு 10 நாள் தாண்டிய பிறகு தாயோ தகப்பனோ போய்விட்டால் பயமில்லை. மீதி இருக்கும் ஒன்றே வளர்த்துவிடும்.

சிறுத்துச் சாகும் குஞ்சுக்கு வருவோம். முதல் முட்டை சாயங்கால வாக்கில் விழும். இரண்டாவது அன்றோ மறுநாளோ வராது, மூன்றாம் நாள் மதியத்துக்குமேல்தான் வரும். சாதாரணமாகப் புறா முதல் முட்டையின்மேல் நின்றுகொண்டிருக்குமே தவிர அழுத்தி அடை காக்காது. இரண்டாவது வந்தபின்தான் முழு அடை. அதிலிருந்து 17, 18 நாளில் பொரிக்கும். ஆனால் உங்களுடையது தகரக் கொட்டகை. சித்திரை வெயிலில் முதல் முட்டை தானாகவே சூடேறிக் கரு வளரத் தொடங்கிவிடும். ஒரு குஞ்சு ஒரு நாள் முந்திப் பொரிக்கும். இரண்டே நாளில் எடை இரட்டிப்பாகும் உயிருக்கு ஒரு நாள் என்பது பெரிய வித்தியாசம். மூத்தது கழுத்தை நீட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், இளையது பட்டினி.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் முட்டை விழுந்ததும் அதை எடுத்துவிட்டு, அதே அளவில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு பொய் முட்டையை வையுங்கள். எடுத்த முட்டையைத் தவிடு நிரப்பிய கிண்ணத்தில், வீட்டுக்குள் குளிர்ந்த இடத்தில் வையுங்கள், ஃபிரிட்ஜ் வேண்டாம். இரண்டாவது முட்டை வந்த அன்று மாலை திருப்பி வைத்துவிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகப் பொரிக்கும். ஏற்கெனவே ஏற்றத்தாழ்வோடு குஞ்சுகள் இருந்தால், முதல் வாரத்துக்குள் இரண்டு கூடுகளுக்கிடையே மாற்றிப் பெரிய இரண்டை ஒரு கூட்டிலும் சின்ன இரண்டை இன்னொன்றிலும் விடலாம்.

ஆனால் எல்லாக் கூட்டிலும் ஒரு குஞ்சு சாகிறது என்றால் தீனியும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். கம்பிலும் அரிசியிலும் மட்டும் பால் சுரக்கும் அளவுக்குப் புரதம் இல்லை. 10 பங்கு தீனி என்றால் கம்பு 3, சோளம் 2, உடைத்த மக்காச்சோளம் 2, மீதி 3 பங்கு பச்சைப்பயறு, கொள்ளு, பட்டாணி என்று கலந்து போடுங்கள். பூஞ்சை வாடை அடிக்கும் மக்காச்சோளத்தை விலை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். குஞ்சு இருக்கும் சமயத்தில் இரண்டு வேளைத் தீனியை மூன்று வேளையாக்குங்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அலகு மூழ்கும் ஆழத்தில். புறா தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த பிறகுதான் குஞ்சிடம் போகும். கிளிஞ்சல் தூள், செங்கல் பொடி, அடுப்புக்கரி, துளி உப்பு கலந்து தனித் தட்டில் எப்போதும் வையுங்கள். கிளிஞ்சல் இல்லாத இடத்தில்தான் ஓடு கெட்டிப்படாத தோல்முட்டையும், முட்டை இறங்காமல் பெட்டை முக்கிக்கொண்டு கிடப்பதும்.

சின்னக் குஞ்சின் வாயையும் ஒரு முறை திறந்து பாருங்கள். தொண்டையில் மஞ்சளாகப் பாலாடை படிந்தது போல இருந்தால் அது கேங்கர் நோய். கிருமி தாயின் தீனிப்பையிலிருந்து பாலோடு சேர்ந்தே குஞ்சுக்குப் போகிறது. அப்போது குஞ்சுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை, கூட்டம் முழுவதற்கும் கொடுக்க வேண்டும். மருந்தும் அளவும் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

கொட்டகைத் தகரத்தின்மேல் தென்னங்கீற்று போடுங்கள், அதுதான் உங்கள் தோப்பிலேயே கிடைக்கிறதே. வாரம் இரண்டு மூன்று முறை அகலமான தட்டில் குளிக்கத் தண்ணீர் வையுங்கள். நனைந்த சிறகோடு அடைக்குத் திரும்பினால் முட்டைக்கும் ஈரப்பதம் கிடைக்கும்.

கூட்டுக்கு 9 அங்குல மண் சட்டி போதும். ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவந்து கொடுக்க, பெட்டை உட்கார்ந்தபடியே தனக்கடியில் செருகிக்கொள்ளும். வேப்பங்குச்சி, ஈர்க்குச்சித் துண்டுகளை ஓரிடத்தில் போட்டுவைத்தால் அவையே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு ஜோடிக்கு இரண்டு சட்டி அவசியம். குஞ்சு 15, 20 நாள் ஆகும்போதே பெட்டை அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். ஒரே சட்டி இருந்தால் வளர்ந்த குஞ்சுகள் புது முட்டையை மிதித்து உடைக்கும். குஞ்சு வெளியேறியதும் பழைய குச்சி, எச்சம் எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிடுங்கள். புறா ஈயின் கூட்டுப்புழுக்கள் அந்தக் குப்பைக்குள்தான் இருக்கும். எச்சத்தூசி நம் நுரையீரலுக்கு ஆகாது, அதனால் மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது அடையில் இருக்கும் முட்டைகளை ஆறாம் ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்பு சிலந்திவலை போலத் தெரிந்தால் உயிர் உண்டு. தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். ஒரே ஒரு நல்ல முட்டையோடு இரண்டு கூடுகள் ஒரே தேதியில் அமைந்தால், இரண்டையும் ஒன்றில் சேர்த்துவிட்டு மற்ற ஜோடிக்கு ஓய்வு கொடுங்கள். 18ஆம் நாள் ஓட்டில் கீறல் விழுந்தால் உரித்துவிடத் தோன்றும். வேண்டாம். முழுசாக வெளியே வர ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், அதுவரை கூட்டுப் பக்கம் ஆளோ பூனையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.