வகிடு அகன்றுவிட்டால் டாப்பரா, முழு விக்கா?

நீங்கள் எழுதியிருப்பது இது: நடு வகிடு ஒரு விரல் அகலத்துக்கு விரிந்து உச்சியில் தோல் தெரிகிறது, பக்கமும் பின்புறமும் பரவாயில்லை, தண்டையார்பேட்டையிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறீர்கள், தை மாதம் வீட்டில் கல்யாணம். எது வைத்தால் டோப்பா என்று தெரியாது?

டாப்பர்தான், அதாவது உச்சியை மட்டும் மூட உங்கள் முடியிலேயே கிளிப்பால் மாட்டும் அரை விக். ‘பாதி வாங்கினால் பாதிதான் மறையும்’ என்று சொல்லி முழு விக்கைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஏமாறாதீர்கள். பொய்முடியைக் காட்டிக்கொடுப்பது எப்போதும் அதன் ஓரம்தான். டாப்பரை நெற்றிக் கோட்டிலிருந்து அரை அங்குலம் பின்னால் வைத்து, உங்கள் முடியையே முன்னால் எடுத்து மேலே சீவிவிட்டால் எதிரில் நிற்பவர் பார்ப்பது உங்கள் சொந்த ஓரம். முழு விக்கில் நெற்றி, காது, பிடரி என்று சுற்றிலும் ஓரம். அத்தனையும் மறைக்க வேண்டும்.

டாப்பருக்கு ஒரே நிபந்தனை, கிளிப் கடிக்கிற இடத்தில் பலமான முடி இருக்க வேண்டும். தெரிந்துகொள்ள, தலையை ஈரமாக்கி டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று, மேலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தோல் தெரிகிற இடத்தின் எல்லையைத் தலையிலேயே புருவப் பென்சிலால் வரையுங்கள். அதன்மேல் சமையலறை கிளிங் ஃபிலிமை இழுத்துப் போர்த்தி, செலோ டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து அடுக்கு ஒட்டினால் உங்கள் தலையின் வளைவு அப்படியே அச்சாக வந்துவிடும். அந்த எல்லைக்கு வெளியே சுற்றிலும் முக்கால் அங்குலம் சேர்த்ததுதான் உங்கள் பேஸ், அதாவது முடி கட்டியிருக்கும் அடித்துணியின் அளவு. தோல் தெரிகிற அளவுக்கே பேஸ் வாங்குவதுதான் பலர் செய்யும் தப்பு. அப்போது கிளிப் நலிந்த முடியையே பிடிக்கும். நாளடைவில் இருப்பதும் போய், அடுத்த முறை பெரிய பேஸ் தேவைப்படும்.

அடுத்தது அடர்த்தி. காசு கொடுக்கிறோமே என்று எல்லாரும் அடர்த்தியானதைத்தான் கேட்கிறார்கள். உச்சி மட்டும் குடை மாதிரி எழும்பி, கீழே உங்கள் பின்னல் எலிவாலாகத் தொங்கும். பின்னலின் பருமனுக்கு ஏற்றதை எடுங்கள். வகிடு வரும் இடத்தில் சில்க் பேஸ் நல்லது, முடியைக் கட்டிய முடிச்சுகள் துணிக்கு அடியில் மறைந்துவிடும். லேஸ், அதாவது மெல்லிய வலைத்துணி என்றால் கறுப்பு முடியில் ஒவ்வொரு முடிச்சும் கரும்புள்ளியாகத் தெரியும். அதை ப்ளீச் செய்து பழுப்பாக்கலாம், அதிகமானால் முடிச்சு நைந்து முடி கொட்டும். பேஸ் நிறம் வெள்ளையாக இருந்தால் நம் தலையில் கோடு போட்டதுபோல் பளிச்சென்று தெரியும். உங்கள் நிற காம்பாக்ட் பவுடரை வகிட்டில் லேசாக ஒற்றினால் அடங்கும்.

சிந்தெடிக் வேண்டாம். டியூப்லைட்டில் மினுங்கும், அயர்ன் பட்டால் உருகும். மனித முடியில் ‘ரெமி’ என்றால் முடியின் மேற்புறச் செதில்கள் எல்லாம் ஒரே திசையில் இருக்கின்றன என்று பொருள். நுனியிலிருந்து வேர்ப் பக்கமாக விரலை ஓட்டினால் லேசாகச் சொரசொரக்க வேண்டும். இரண்டு பக்கமும் வழவழவென்றால் ஆசிடில் செதிலை எடுத்து சிலிக்கான் பூசியிருக்கலாம். நாலு அலசலில் பூச்சு போய்ச் சிக்கு பிடிக்கும்.

முழு விக் தேவையே இல்லை என்று சொல்லவில்லை, அடிக்க வந்துவிடாதீர்கள். கீமோவில் முடி முழுக்கப் போனவர்கள், காதுக்கு மேலும் பிடரியிலும் முடி மெலிந்தவர்கள், கிளிப்பால் வேர் வலிப்பவர்கள் எல்லாருக்கும் அதுதான் சரி. நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் போய்ப் பிடரியைச் சுற்றி டேப் வைத்து அளந்து வாங்க வேண்டும். பெரும்பாலும் 21½ முதல் 22½ அங்குலம் வரும். சாதாரண முழு விக்கைத் தூக்கிப் பின்னினால் பிடரியில் வலை தெரியும், கல்யாணத்தில் கொண்டை போடும் ஆசையை விட்டுவிட வேண்டும். நான் டாக்டர் இல்லை. ஆனால் முடி திட்டுத் திட்டாகவோ திடீரென்றோ கொட்டினால் முதலில் ஸ்டான்லி தோல் ஓபியில் காட்டுங்கள், டாப்பர் எங்கும் ஓடிவிடாது.

அலசுவதுதான் நம் ஏரியாவில் பெரிய தலைவலி. போர் தண்ணீரின் உப்பு முடியில் படிந்து விறைப்பாக்கும். கடைசி அலசலுக்காவது மெட்ரோ வாட்டர் வேண்டும், இல்லாவிட்டால் கேன் தண்ணீர் இரண்டு லிட்டர். வாடகைக்கு இருப்பவர்களுக்கு மெட்ரோ வாட்டர் எங்கே கிடைக்கிறது! சம்ப்புக்குப் பூட்டு போட்டுவிட்டு, மெயின்டனன்ஸ் மட்டும் மாதம் தவறாமல் வாங்கும் ஓனர்களை என்ன செய்வது? சரி, அது இருக்கட்டும். எட்டுப் பத்து முறை வைத்த பிறகு ஒரு அலசல் போதும். கண்டிஷனரைப் பாதிக்குக் கீழே மட்டும் போடுங்கள், முடிச்சில் பட்டால் தளரும். பேஸில் தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. கவிழ்த்த குடத்தின்மேல் போட்டு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் செம்பட்டையாகிவிடும்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு பக்கம் வண்டியில் போனால் கடல் காற்று முன்பக்கத்தைத் தூக்கும், முன் கிளிப்பை முதலில் போட்டு இறுக்குங்கள். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய சாட்டின் துணி கட்டி, கழற்றும்போது முன்னால் இழுக்காமல் நேராக மேலே தூக்குங்கள். இரவில் கழற்றிவிட வேண்டும். கிளிப் கடிக்கும் இடத்தையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை சற்று நகர்த்துங்கள்.

கல்யாணத்தன்று பூவை டாப்பரில் குத்தாதீர்கள். நாலு முழம் மல்லிகையின் எடையில் பின் கிளிப் நழுவி, உச்சி மேடாகிவிடும். கிளிப்புக்குக் கீழே உங்கள் முடியில், பின்னலில்தான் ஊக்கு. மூன்று வாரம் முன்பே வாங்கி, தலையில் மாட்டியபடியே பார்லரில் வெட்டச் சொல்லுங்கள். கையில் பிடித்து வெட்டுபவரிடம் கொடுக்காதீர்கள், அது திரும்ப வளராது.