பள்ளியிலிருந்து மகளை நானே கூட்டி வரலாமா?

சார், மனைவி ஏழு வயது மகளோடு மதுரைக்குப் போய் எட்டு மாதமாகிறது, போனில்கூடப் பேச விடுவதில்லை, பள்ளி விடும் நேரத்தில் போய்க் கூட்டி வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அழுத பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிய கதையைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் நீதிபதியிடம் முதலில் சொல்வார்.

ஐந்து வயது தாண்டினால் பிள்ளை அப்பாவுக்குத்தான் என்று உங்கள் மாமா சொன்னது தப்பு. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (வயது வராதவர்) காப்பாளர் சட்டம், ஐந்து வயதுவரை பொதுவாகத் தாயிடம் என்று மட்டுமே சொல்கிறது. அதன் 13ஆம் பிரிவு எந்த வயதிலும் பிள்ளையின் நலனைத்தான் முன்னால் வைக்கிறது.

1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி மனு போடுங்கள். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரில்தான் போட வேண்டும். அங்கேயே படிக்கிறாள் என்றால் மதுரை குடும்ப நீதிமன்றம்தான் வசதி, நீங்கள் இருக்கும் சென்னையில் போட்டால் எந்த ஊர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்பது குறித்தே வாதம் நீளும். பிரதான வழக்கு எப்படியும் இழுக்கும். அதனால் அதே 1890 சட்டத்தின் 12ஆம் பிரிவில் இடைக்கால மனுவையும் கூடவே கொடுங்கள். மொட்டையாக ‘பார்க்க அனுமதி’ என்று எழுதாமல், மாதம் இரண்டு சனிக்கிழமை, வாரம் இருமுறை வீடியோ கால், கோடை விடுமுறையில் பாதி என்று நாளும் நேரமும் போட்டுக் கேளுங்கள்.

அப்புறம், கோபத்தில் பள்ளிக் கட்டணத்தை நிறுத்திவிடாதீர்கள். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாகவே அனுப்புங்கள்.