பேங்க் கவுன்ட்டரிலிருந்து பார்த்த ரயில்

கேள்வி: ஃபிராங்க் ஸ்பியர்மன் என்ற அமெரிக்கர் அந்தக் காலத்தில் ரயில் கதைகளாக எழுதித் தள்ளினாராம். ஆனால் ஆள் ரயில்வேயில் வேலையே பார்த்ததில்லையாம். முப்பது வருஷம் கார்டாக இருந்தவன் கேட்கிறேன்: இது ஏமாற்று வேலை இல்லையா? (வாசகர் ஒருவர், விழுப்புரம்)

பதில்: இல்லை. முப்பது வருஷம் பச்சைக்கொடி காட்டிய நீங்கள் ஒரு ரயில் கதைகூட எழுதவில்லையே, அதற்கு நான் கோபித்துக்கொண்டேனா?

ஸ்பியர்மன் (1859–1937) பேங்க்காரர். அவர் இருந்தது நெப்ராஸ்கா மாநிலத்தில் மெக்குக் என்ற சின்ன ஊர். பர்லிங்டன் ரயில்பாதையில் எஞ்சினும் ஆட்களும் மாறுகிற இடம் அது. அப்படிப்பட்ட ஊரில் பேங்க் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் வேறு யார் வந்து நின்றிருப்பார்கள்? டிரைவரும், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேனும்தான். மனிதர் காதைத் திறந்து வைத்திருந்திருக்கிறார்.

1901-இல் வந்த அவருடைய ‘ஹெல்ட் ஃபார் ஆர்டர்ஸ்’ சிறுகதைத் தொகுப்பைப் பாருங்கள். தலைப்பே உங்கள் தொழில் பேச்சு: போக வர ஒரே தண்டவாளம் உள்ள சிங்கிள் லைனில், தந்தியில் உத்தரவு வரும்வரை வண்டியை ஸ்டேஷனில் நிறுத்தி வைப்பது. உள்ளே கதைகளும் வேலைவாரியாகத்தான் இருக்கின்றன. தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனுக்கு ஒன்று, தந்திக்காரருக்கு ஒன்று, ஷெட்டில் எஞ்சின் துடைக்கிற ஆளுக்கும் ஒன்று. துடைப்பவனுக்குக் கதை கொடுக்கலாம் என்று பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவருக்குத் தோன்றாது.

1906-இல் வந்த ‘விஸ்பரிங் ஸ்மித்’ நாவல்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. மூன்று முறை அதே பெயரில் படமாகவும் வந்தது. 1948-இல் ஆலன் லாட் நடித்தார். வேறு யாராவது எழுதியிருந்தால் முகமூடிக் கொள்ளையில் ஆரம்பித்திருப்பார்கள். இவர் ஆரம்பிப்பது தடம்புரண்ட ரயிலில். அதை அப்புறப்படுத்த வந்த கும்பலின் மேஸ்திரி சின்கிளேரும் அவன் ஆட்களும் சிதறிக் கிடக்கிற சரக்கிலேயே கை வைக்கிறார்கள். புதிதாக வந்த அதிகாரி அவனை வேலையை விட்டுத் தூக்குகிறார். பகை, கொள்ளை, துப்பாக்கி எல்லாம் அதற்கப்புறம்தான். விபத்து நடந்த இடத்தில் சரக்கு குறைவது கார்டுக்குத் தெரியாத சங்கதியா என்ன?

ஸ்பியர்மனைக் குற்றம் சொல்ல வேறு இடம் இருக்கிறது. நீங்கள் அங்கே கை வைக்கவில்லை. 1888-இல் அதே பர்லிங்டன் பாதையில் டிரைவர்களும் ஃபயர்மேன்களும் பெரிய வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். 1900-இல் ஸ்பியர்மன் எழுதிய ‘தி நெர்வ் ஆஃப் ஃபோலி’ கதையிலும் வேலைநிறுத்தம் வருகிறது. கதாநாயகன் யார் தெரியுமா? வேலையை விட்டு நிற்கிறவர்களின் எஞ்சினை ஓட்ட வெளியூரிலிருந்து வந்தவன்! நாவலின் நாயகன் விஸ்பரிங் ஸ்மித்தும் ரயில்வே கம்பெனிக்காகக் கொள்ளையரை வேட்டையாடுகிறவன்தான். போதாததற்கு, பெரிய ரயில்வே கம்பெனிகளின் வியூகங்களைப் பற்றி 1904-இல் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். தொழிலாளியின் கையில் ஒட்டிய கரியைத் துல்லியமாகப் பார்த்தவர் கம்பெனியின் கணக்கில் மட்டும் குறை பார்க்கவில்லை.

‘ஹெல்ட் ஃபார் ஆர்டர்ஸ்’ வந்த அதே 1901-இல்தான் ஃபிராங்க் நோரிஸின் ‘தி ஆக்டபஸ்’ நாவலும் வந்தது. 1880-இல் கலிஃபோர்னியாவில் நிலத் தகராறில் விவசாயிகளுக்கும் ரயில்வே தரப்புக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டைதான் அதற்கு அடிப்படை. அதில் ரயில்வே, ஊரையே வளைத்து நெரிக்கிற எண்காலி.

நோரிஸும் ரயில்வேக்காரர் இல்லை. பத்திரிகைக்காரர்.