ஹேஷ் கற்றல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் வசிக்கும் பொறியியல் மாணவன் நான். எந்தத் தகவலையும் ‘ஹேஷ்’ என்ற நிலையான நீளமுள்ள எண்ணாகச் சுருக்கும் எஸ்ஹெச்ஏ-256 முறை பற்றி ஏராளமான காணொளிகள் பார்த்துவிட்டேன். பார்க்கும்போது புரிகிறது, பிறகு ஒன்றும் மனதில் நிற்பதில்லை. எந்தப் பயிற்சி வகுப்பில் சேரலாம்? கணக்கில் சுமாரான எனக்கு இது வருமா? பிட்காயின் பற்றியும் எழுதுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிட்காயினை விட்டுவிடுங்கள், அது வேறு கதை. கணக்கு வருமா என்ற கவலையும் வீண்; பிட்டுகளை, அதாவது 0, 1 என்ற இலக்கங்களை, கூட்டுவதும் சுழற்றுவதும் தேர்ந்தெடுப்பதும்தான் இதில் உள்ள வேலை.

துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்த என் அப்பாவின் பழைய மூட்டைக் கணக்குத் தாள்கள் அண்மையில் காசிமேட்டு வீட்டுப் பரணில் கிடைத்தன. அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்த நாளில்தான் உங்கள் கடிதம் வந்தது. பத்தியின் அடியில் கூட்டுத்தொகை போடுவார், ஆனால் அதை அவர் முழுதாக நம்பியதில்லை. ஒரு வரியில் 10 மூட்டையைக் குறைத்து அடுத்த வரியில் 10 கூட்டிவிட்டால் தொகை அசையாது என்பார். கைதவறி நேரும் பிழையைப் பிடிக்கக் கூட்டுத்தொகை போதும். தெரிந்தே செய்யும் திருட்டைப் பிடிக்க வேண்டுமானால், ஓரிடத்தில் செய்த மாற்றத்தை இன்னோரிடத்தில் ஈடுகட்ட வழியில்லாதபடி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கலந்தாக வேண்டும். எஸ்ஹெச்ஏ-256இன் 64 சுற்றுகளும் அதற்காகத்தான். உள்ளே ஒரு பிட் மாறினால் விடையின் 256 பிட்டுகளில் ஏறத்தாழப் பாதி புரண்டுவிடும். அதற்கு முந்தைய முறையான எஸ்ஹெச்ஏ-1இல் அவ்வாறு ஈடுகட்ட முடியும் என்பதை 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் ஒரே ஹேஷ் தரும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளைக் காட்டியே நிரூபித்தன.

தம்பி, இத்தனை காணொளி பார்த்த நீங்கள் ஒருமுறையாவது பென்சிலைத் தொட்டீர்களா? கடிதத்தில் அதற்கான தடயமே இல்லையே! காசு கட்டிப் படிக்கும் வகுப்பெல்லாம் வேண்டாம், கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஏ, பி, சி என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளை 24 பிட்டுகளாக எழுதி, பக்கத்தில் ஒரு 1, பிறகு 423 சுழியங்கள், கடைசி 64 கட்டங்களில் 24 என்ற நீளத்தை இரும எண்ணாக நிரப்புங்கள். 512 கட்டங்கள் நிறையும். சுழியங்களைச் சோம்பலில் புள்ளி வைத்துத் தாண்டாதீர்கள். அடுத்து, 2இன் வர்க்கமூலத்தில் புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை 2இன் 32ஆம் அடுக்கால் பெருக்கி, முழு எண்ணை மட்டும் எடுங்கள்: 1779033703. கலக்கத் தொடங்கும்போது கையில் இருக்க வேண்டிய எட்டு எண்களில் முதலாவது அதுதான். மற்ற ஏழும் 3 முதல் 19 வரையுள்ள பகா எண்களிலிருந்து அதே வழியில் வருகின்றன. (தனக்கு வசதியான எண்ணை யாரோ நுழைத்துவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்கு இடம் தராத ஏற்பாடு இது.)

முதல் சுற்றுக்கே ஒரு மாலை போய்விடும், போகட்டும். எட்டு எண்களில் ஆறு அப்படியே ஓரிடம் நகர்வதையும், முதலாவதும் ஐந்தாவதும் மட்டும் புதிதாகப் பிறப்பதையும் உங்கள் கையே எழுத வேண்டும். நான்கு சுற்று முடிந்தால் எட்டில் ஒன்றுகூடப் பழையதாக இராது. அங்கே வந்து நின்றபின், தடுமாறிய பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.