தெருப் பெயர் மாறினால் பத்திரம் என்னாகும்?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் ஏரியே கிடையாது. பிறகு எப்படி லேக் வியூ ரோடு வந்தது?

பதில்: ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே நீண்டு கிடந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. பிட்டி தியாகராயர், பனகல் அரசர், உஸ்மான் என்று அந்தக் கட்சிக்காரர்களின் பெயர்களே நகருக்கும் பூங்காவுக்கும் சாலைக்கும் வந்தன. ஏரியின் பெயர் ஓரத்துச் சாலையில் மட்டும் தங்கிவிட்டது. ஏரிக்கரை, மதகு, தாங்கல் (சிறு ஏரி) என்று வரும் தெருப் பெயர்களை மாற்றவே கூடாது. தண்ணீர் எங்கே நின்றது என்பதை மனை வாங்க வருபவருக்கு அவைதான் சொல்லும்.

கேள்வி: மடிப்பாக்கத்தில் அப்பா 1980-களில் வாங்கிய மனை. பத்திரத்தில் ‘2-வது குறுக்குத் தெரு’ என்றிருக்கிறது. இப்போது பலகையில் வேறு பெயர். விற்க முடியுமா?

பதில்: தாராளமாக விற்கலாம். மடிப்பாக்கம் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை கிராம ஊராட்சி. வயல்களைத் தனித்தனியாக மனை பிரித்து விற்றதால் ஒவ்வொரு மனைப்பிரிவிலும் ஒரு முதல் தெரு, ஒரு குறுக்குத் தெரு. சொத்தை அடையாளம் காட்டுவது தெருப் பெயர் அல்ல. கிராமம், சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை.

முதலில் மூலப்பத்திரத்திலுள்ள (சொத்தின் பழைய பத்திரம்) சர்வே எண்ணையும் இன்றைய பட்டாவிலுள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். உட்பிரிவு ஆகியிருந்தால், அதாவது நிலத்தைப் பிரித்துத் துணை எண் கொடுத்திருந்தால், 112/3 என்பது 112/3ஏ1 என்று மாறியிருக்கும். வில்லங்கச் சான்றுக்கு (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று) மனு போடும்போது பழைய எண், புதிய எண் இரண்டையும் கொடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: புது எண்ணை மட்டும் கொடுத்தால் உட்பிரிவுக்கு முந்தைய அடமானம் கண்ணில் படாமல் போகும், ‘வில்லங்கம் இல்லை’ என்று சான்று வந்துவிடும். நகர அளவை (நகர்ப்பகுதி நிலங்களை அளந்து தனி எண் கொடுப்பது) முடிந்த இடமென்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று மூன்றாவதாக ஒரு தொகுதி வரும். பழைய சர்வே எண்ணோடு அது எப்படிப் பொருந்துகிறது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

தெருப் பெயர் மாறியதற்காகப் பத்திரத்தைத் திருத்த வேண்டியதில்லை. கிரயப் பத்திரத்தின் (விற்பனைப் பத்திரம்) சொத்து விவரத்தில் ‘முன்பு 2-வது குறுக்குத் தெரு, தற்போது இன்ன தெரு’ என்று எழுதி, பழைய, புதிய கதவு எண்களையும் சேர்த்தால் போதும். சொத்து வரி ரசீதிலும் புதுப் பெயர் ஏறியிருக்கட்டும். சர்வே எண்ணோ பரப்போ எல்லையோ தவறாக இருந்தால் மட்டும் பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும். அதை விற்பனைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.