கேம்பர் வண்டியில் (தங்கிச் சமைத்துப் பயணிக்கும் வண்டி) கேஸ் அடுப்பு மக்கர் செய்தால்: கேள்வி-பதில்

கே: சிலிண்டரை நிரப்பி வந்து மாட்டினேன். மூன்று பர்னரும் அகல் விளக்கு மாதிரி எரிகின்றன. ஏன்?

ப: வால்வைப் படக்கென்று திறந்திருப்பீர்கள். அமெரிக்கா, கனடா கேம்பர்களில் சிலிண்டரில் கையால் முறுக்கி மாட்டுகிற பெரிய பிளாஸ்டிக் மரை (நட்) இருக்கிறதே, அதற்குள் ஒரு பாதுகாப்பு அடைப்பு உண்டு. குழாய் அறுந்தால் கேஸ் கொட்டாமல் தடுப்பது அதன் வேலை. காலிக் குழாய்க்குள் கேஸ் வேகமாகப் பாய்ந்தால் கசிவு என்று எடுத்துக்கொண்டு அடைத்துவிடும். அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்து, வால்வை மூடிக் கழற்றுங்கள். சில நிமிடம் கழித்து மாட்டி, மெல்ல மெல்லத் திறங்கள். குழாயில் காற்று இருப்பதால் பற்ற கொஞ்சம் நேரமாகும். இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பார்க்க மறக்காதீர்கள். அப்புறமும் சுடர் எழவில்லையென்றால் ரெகுலேட்டர்மேல்தான் சந்தேகம். அழுத்தத்தை மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தைத் தண்ணீர் எழும் உயரமாகச் சொல்கிற கணக்கில் சுமார் 11 அங்குலம் இருக்க வேண்டும்.

கே: குளிர்காலம் முழுக்க வண்டி சும்மா நின்றது. இப்போது சுடர் மஞ்சளாக எரிகிறது, பாத்திரமெல்லாம் கரி.

ப: சிலந்தியைத் தேடுங்கள். ஒருமுறை பர்னர் குழலைக் கழற்றியபோது, காற்று நுழையும் வாயில் துவரம்பருப்பு அளவுக்கு வெள்ளைப் பஞ்சுபோல் வலை சுருண்டிருந்தது. அவ்வளவுதான், காற்று குறைந்தது, சுடர் மஞ்சளானது. மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். ஆனால் கேஸ் வெளிவரும் ஜெட் துளைக்குள் ஊசி விடவே கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். சரிசெய்யும்வரை அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அப்படி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும், அதற்கு வாசனையே கிடையாது.

கே: ஓவனில் (பேக்கிங் அடுப்பில்) குமிழை விட்டதும் சுடர் அணைகிறது.

ப: தெர்மோகப்பிள் (சுடரின் சூட்டை உணர்ந்து கேஸைத் திறந்து வைக்கும் உணரி) முனை சுடருக்குள் இருக்கிறதா பாருங்கள். குமிழை 15 வினாடி அழுத்திப் பிடித்தும் சுடர் நிற்கவில்லையென்றால் தெர்மோகப்பிளை மாற்றுங்கள்.

கே: மைனஸ் 10 டிகிரியில் கேஸ் உறைந்துவிடுமா?

ப: சிலிண்டரில் இருக்கும் புரோப்பேன் கேஸ் மைனஸ் 42 வரை ஆவியாகும், கவலை வேண்டாம். பியூட்டேன் டப்பாதான் 0 டிகிரியிலேயே படுத்துவிடும்.

கே: லேசாக கேஸ் வாடை வருகிறது. ஜன்னலைத் திறந்தால் போதுமா?

ப: போதாது. புரோப்பேன் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, சிலிண்டரை மூடுங்கள். கசிவு கண்டுபிடிக்காமல் அந்த வண்டியில் குழந்தைகளைத் தூங்க வைக்காதீர்கள். தரையோரம் உள்ள கேஸ் அலாரத்துக்கும் ஆயுள் உண்டு; காலாவதித் தேதியை இன்றே பாருங்கள்.