கேள்வி பதில்: பாரம் மேலே, பயம் கீழே

கே: எங்கள் ஊர்க் கால்வாய் மேல் பழைய ஒற்றைக் கண் கல் பாலம் இருக்கிறது. கம்பி கிடையாது, காரையும் பாதி உதிர்ந்துவிட்டது. கிரானைட் லாரி போகும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. உட்கார்ந்துவிடுமா? (வாசகர், காவேரிப்பட்டணம்)

ப: லாரியை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாலத்தின் காலைப் பாருங்கள். இரண்டு சுவர் மேல் ஒரு பலகைக் கல்லைப் படுக்கப் போட்டால், பாரம் ஏறும்போது அடிப்பக்கம் இழுபடும். கல்லுக்கு இழுவை ஆகாது, விண்டுவிடும். வளைவில் அப்படியில்லை, ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே நிற்கின்றன, நெருக்கலைத் தாங்குவதற்கு உங்கள் பக்கத்துக் கருங்கல்லைக் கேட்கவா வேண்டும்! காரை போயும் பாலம் நிற்பது அதனால்தான். ஆனால் அந்த நெருக்கல் முழுக்கக் கடைசியில் இரண்டு கரைச்சுவரையும் வெளியே தள்ளும். சுவர் கொஞ்சம் நகர்ந்தாலும் உச்சிக் கல்லுக்கு அடியில் வாய் பிளக்கும்.

அதனால் கால்வாயில் தண்ணீர் நிறுத்தும் சமயம் இறங்கிப் பாருங்கள். அஸ்திவாரத்தைத் தண்ணீர் அரித்திருக்கிறதா, ஏதாவது கல் கீழே இறங்கியிருக்கிறதா, இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? கன்றை இப்போதே எடுத்துவிடுங்கள், வேர் பருத்தால் கல்லே பெயரும். லாரி விஷயத்தில் ஒன்று: நடு உச்சியில் இருப்பதைவிட, கால்வாசி தூரத்தில் ஒருபக்கமாகப் பாரம் விழும்போதுதான் வளைவுக்குச் சிரமம். அந்தப் பாரத்தைப் பரத்திவிடுவது மேலே நிரப்பிய மண்தான், குழாய் பதிக்கிறோம் என்று யாராவது வந்தால் அதைத் தோண்ட விடாதீர்கள். சிமென்ட் பூச்சும் வேண்டாம், ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். சுண்ணாம்புக் காரைதான் சரி. விரிசல் கண்ணில் பட்டால் மட்டும் காத்திருக்காமல் கனரக வண்டியை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கே: வெனிஸில் கால்வாய் மேல் இருக்கும் ரியால்டோ பாலம் சேற்றில் எப்படி நிற்கிறது? (வாசகி, பாலக்கோடு)

ப: மேலே சொன்ன அதே தள்ளுவிசைதான் அங்கேயும் தலைவலி, கரையோ வெறும் சேறு. சுமார் 12,000 மரக் கழிகளை அடித்து இறக்கி அதன் மேல் கட்டினார்கள். காற்றுப் படாத சேற்றில் மரம் லேசில் மக்காது. அதற்கு முன் அங்கே இருந்தது மரப்பாலம். 1444-ல் திருமண ஊர்வலம் பார்க்கக் கூடிய கூட்டத்தின் பாரத்தில் இடிந்தது, 1524-ல் மறுபடியும். அப்புறம்தான் கல்லுக்கு வந்தார்கள், அதுவும் உடனே இல்லை. அந்தோனியோ தா போன்தே வடிவமைப்பில் 1588-ல் ஆரம்பித்து 1591-ல் முடித்தார்கள். கிட்டத்தட்ட 28 மீட்டர், ஒரே கண், நடுவில் தூண் இல்லாததால் படகுகளுக்கு இடைஞ்சல் இல்லை. மரப்பாலக் காலத்திலேயே மேலே கடைகள் உண்டு, அந்த வாடகை பராமரிப்புக்கு ஆனது. கல்லில் கட்டியபோதும் கடைகளை விடவில்லை, விவரமான ஆட்கள்.